ஆறு கார் நிற்கும் இடத்தில் ஒரு வீடு

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. வரிசையில் நின்றபோது காதில் விழுந்தது. மொட்டை மாடியில் எழுதுவதற்கென்று ஓர் அறை கட்ட அனுமதி கேட்டு, மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவுக்குப் போயிருந்தேன். (அனுமதி இன்னும் வரவில்லை. சாப்பாட்டு மேசையில்தான் எழுதுகிறேன். எங்காவது எண்ணெய்க் கறை தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

எனக்கு முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. வீடு பழுதுபார்க்க மாநகராட்சி தரும் மானியத்துக்கு விண்ணப்பம் கொண்டுவந்திருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த வரைவாளர் புதிய நகரத் திட்ட வரைபடத்தை விரித்து, தெருவின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

“உங்க வீடு இதுல இல்லைங்கம்மா.”

“இல்லையா? காலைல அங்கேருந்துதானே கிளம்பி வந்தேன்?”

அந்தப் பதிலைக் கேட்ட பிறகு எனக்கு என் அறை மறந்துபோயிற்று.

2

முதலில் எழுதிய தொடக்கம்: “அவள் கண்களில் ஒரு நகரமே இடிந்து...” அடித்துவிட்டேன். அவர் கண்களை நான் பார்க்கவே இல்லை. பின்னால் நின்றவனுக்குத் தெரிந்ததெல்லாம் கழுத்தில் தொங்கிய அளவு நாடாதான். தையல்காரர். கழற்ற மறந்து வந்திருந்தார்.

இரண்டாவது தொடக்கம்: “நகரத் திட்டமிடல் என்பது நிறங்களின் வழியே...” இது கட்டுரைக்காரன் குரல். ஆனாலும் நிறங்களைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. வரைபடத்தில் மஞ்சள் என்றால் குடியிருப்பு. சாம்பல் என்றால் வண்டி நிறுத்துமிடம். மஞ்சளில் இருக்கும் வீட்டுக்குத்தான் மானியம். தையல்காரரின் வீடும் அதை ஒட்டிய காலி மனையும் சேர்ந்து ஒரே சாம்பல் கட்டமாகக் கிடந்தன.

“இதுல எத்தனை கார் நிக்கும்?” என்று கேட்டார் தையல்காரர்.

“பதினாலு.”

“காலி மனையில மட்டும் நிறுத்தினா?”

வரைவாளர் பென்சிலால் கோடு கிழித்துப் பார்த்தார். “எட்டு.”

“அப்போ என் வீடு ஆறு கார்.”

(முதல் வரைவில் வரைவாளரைக் கல்நெஞ்சக்காரராக எழுதியிருந்தேன். ஆனால் அந்த இடத்தில் அவர் எழுந்துபோய் நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்து தையல்காரரை உட்காரச் சொன்னார். கல்நெஞ்சை அழித்துவிட்டேன்.)

3

“இன்னும் இறுதி ஆகலைம்மா. வர்ற செவ்வாய்க்கிழமை ஆட்சேபணைக் கூட்டம் இருக்கு, வந்து சொல்லுங்க. ஆனா மானியத்துக்கு இந்த மாசம்தான் கடைசி.”

“இறுதி ஆயிட்டா?”

“இடத்தை எடுத்துக்குவாங்க.”

“யாரு கேட்டாங்க இந்த நிறுத்தத்தை?”

வரைவாளர் கோப்பைத் திருப்பிக் காட்டினார். அந்தத் தெருக் கடைக்காரர்களின் மனு. இருபத்து மூன்று கையெழுத்துகள். பின்னால் இடத்தைக் குறித்த ஒரு படம். தையல்காரரின் விரல் நாலாவது கையெழுத்தில் நின்றது.

“இது எங்க அண்ணன்” என்றார். யாரிடமும் சொல்லவில்லை. சும்மா சொன்னார்.

என் முறை வந்தபோது நான் வெளியே அவர் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன்.

“மன்னிக்கணும்மா, நான் கதை எழுதுறவன்.”

“அதை ஏன் என்கிட்ட சொல்றீங்க?”

நியாயமான கேள்வி. இருந்தாலும் பேருந்து நிறுத்தத்தில் பேசினார். கணவர் இறந்து ஒன்பது வருடம். அண்ணனுக்கு எதிர்ச்சாரியில் பெயின்ட், இரும்புச் சாமான் கடை. அவர் வீடு தூரம் என்பதால் மதியச் சாப்பாடு தினமும் தங்கை வீட்டில்தான்.

இரண்டு நாள் கழித்து, மனம் கேட்காமல் அவர் வீட்டுக்கே போனேன். முன்னறையில் தையல் இயந்திரம். உள்ளறையில் ஓடு விலகிய இடங்களில் ஆகாயம் தெரிந்தது. கட்டிலை அதற்கேற்றபடி மூலைவாட்டில் இழுத்துப் போட்டிருந்தார்.

“அண்ணன்கிட்ட கேட்டீங்களா?”

“இல்ல.”

“ஏன்?”

“சாப்பிட்டுக்கிட்டு இருக்கிற மனுசன்கிட்ட என்னத்தைக் கேக்குறது?”

“மறுநாள்?”

“மறுநாளும் சாப்பிடத்தானே வந்தாரு.”

4

இங்கேதான் எனக்குச் சிக்கல். இந்த அண்ணன் யார்?

வரைவு அ: அவர் வியாபாரி. தங்கை வீடு போனாலும் தன் கடைக்கு முன்னால் வண்டி நிற்க இடம் கிடைத்தால் போதும் என்று... எழுத ஆரம்பித்து நிறுத்தினேன். அப்படிப்பட்டவர் தினமும் அதே வீட்டில் கைநனைப்பாரா?

வரைவு ஆ: அவர் அப்பாவி. நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார். இதையும் நம்ப முடியவில்லை. முப்பது வருடமாகக் கடை நடத்துகிறவர் படிக்காமல் போடுவாரா?

நேரில் பார்த்துவிடலாம் என்று கடைக்குப் போனேன். தாழ்ப்பாள் ஒன்று கேட்டேன். நாலு வகை எடுத்துப் போட்டார். அதற்குள் வெளியே ஒரு வேன் வந்து தயங்கி, இடமில்லாமல் நகர்ந்து போனது.

“போச்சு. இன்னிக்கு இது மூணாவது” என்றார். “வண்டி நிறுத்த இடமில்லைன்னு எல்லாரும் பெரிய கடைக்குப் போயிடுறாங்க. இன்னும் ரெண்டு வருசம் இப்படியே போனா ஷட்டரை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.”

“நிறுத்தம் வரப்போகுதாமே?”

“மனு குடுத்திருக்கோம்.”

“எங்கே வருது?”

அவர் தாழ்ப்பாளைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்ததுதான். “அதையெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க” என்றார்.

(மனுவோடு இருந்த படம் வேறு தாளில் இருந்தது. முதலிலிருந்தே இருந்ததா, கையெழுத்து வாங்கிய பிறகு சேர்த்தார்களா? வரைவாளரிடமும் கேட்டேன். கோப்பு தன்னிடம் வரும்போதே இருந்தது என்றார். இதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதவும் மனமில்லை.)

5

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குக் கூட்டம். திட்ட அதிகாரி இளம்பெண். ஒவ்வொரு ஆட்சேபணையையும் தன் கையாலேயே குறித்துக்கொண்டார். கடைக்காரர்கள் ஒரு பக்கம், அவர்களுக்கு நடுவில் அண்ணன். தையல்காரர் தனியாக முன்வரிசையில்.

“நான் எதையும் தரச் சொல்லிக் கேக்கலைம்மா” என்றார் தையல்காரர். “வீடு இருக்கு. இல்லைன்னு வரைஞ்சிருக்கீங்க. அதைத் திருத்துங்க. மானியத்துக்கு அப்புறம் வரிசையில நிக்கிறேன்.”

கடைக்காரர்கள் சங்கத் தலைவர் எழுந்தார். “பதினாலு வண்டின்னு சொன்னதாலதான் ஒத்துக்கிட்டோம். காலி மனையில மட்டும்னா எட்டுதான். எட்டு வண்டி யாருக்குப் பத்தும்?”

“எட்டு போதும்.”

சொன்னது அண்ணன். உட்கார்ந்தபடியே சொல்லிவிட்டு, பிறகு எழுந்து நின்றார்.

“உன் தங்கச்சிங்கிறதால சொல்றியா?”

“ஆமா. வேற எதுக்குச் சொல்லணும்?”

யாரோ சிரித்தார்கள். நான் இந்த இடத்தில் கதையை முடித்துவிடலாம் என்று பேனாவை மூடினேன். ஆனால் தையல்காரர் திரும்பவே இல்லை. அதிகாரியைப் பார்த்தே சொன்னார்:

“அவர் சொன்னாருன்னு மாத்தாதீங்கம்மா. நாளைக்கு அவர் வேற மாதிரி சொன்னா என் வீடு மறுபடியும் காணாமப் போயிடும். நீங்களே வந்து பாருங்க.”

அண்ணன் அப்படியே நின்றார். பக்கத்துக் கடைக்காரர் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் உட்கார்ந்தார்.

6

அதிகாரி மறுநாளே வந்தார். சுவரில் கை வைத்துப் பார்த்தார், மேலே பார்த்தார், குடிக்கத் தண்ணீர் கேட்டார். அந்த வாரக் கடைசியில் சாம்பல் கட்டம் இரண்டாகப் பிரிந்தது: காலி மனை சாம்பல், வீடு மஞ்சள். மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது விண்ணப்பத்தில் முத்திரை விழுந்தது. மானியமும் வந்தது. அந்த எட்டு வண்டி நிறுத்தத்தால் கடை பிழைக்குமா என்று இப்போதைக்கு யாராலும் சொல்ல முடியாது.

இதை எழுதுவதாகத் தையல்காரரிடம் சொன்னேன்.

“உங்க கதையில நான் எங்க அண்ணன்கிட்ட அந்தக் கையெழுத்தைப் பத்திக் கேக்குறேனா?”

“இன்னும் முடிவு பண்ணலம்மா.”

“நீங்க எதுக்கு முடிவு பண்றீங்க?” என்றார். கோபமில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

7

கடைசியாக நான் பார்த்தது இது. கூரை வேலை நடந்துகொண்டிருந்தது. ஆள் போதாமல் அண்ணனே கடையைப் பூட்டிவிட்டு ஏணியில் நின்று, கீழிருந்து தங்கை நீட்டிய ஓடுகளை வாங்கி மேலே கொடுத்துக்கொண்டிருந்தார். நான் எதிர்ச்சாரியில் நின்றேன்.

நடுவில் தையல்காரர் கையில் ஓட்டோடு நின்று ஏதோ கேட்டார். ஒரு வரிதான். அண்ணன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். கூரையில் இருந்தவர் இரண்டு முறை ஓடு கேட்டுக் கத்தினார். அதன் பிறகு அண்ணன் ஏணியில் இரண்டு படி இறங்கி, குனிந்து பதில் சொன்னார். அது ஒரு வரிக்கு மேல் இருந்தது. சாலையில் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

என்ன கேட்டார் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. உங்களுக்கும் இருக்கும். பதில் என்னவென்று நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன், மூன்றையும் கிழித்துவிட்டேன். அது அவர்கள் வீட்டுப் பேச்சு. நீங்கள் யோசித்து ஒன்று வைத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அதைக் கேட்ட பிறகும் தையல்காரர் ஓட்டை அவரிடம்தான் நீட்டினார் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.