பதினாலாம் நம்பர் சரக்கு

கிண்டி தொழிற்பேட்டையில் இருந்த அந்த மருத்துவப் பஞ்சு கம்பெனியில், மாதத்தின் முதல் திங்கட்கிழமை விற்பனை அறிக்கையை டைப் அடிப்பது பங்கஜத்தின் வேலை. சேல்ஸ் மேனேஜர் சுவாமிநாதன் நாற்காலியில் சாய்ந்து ஒவ்வொரு சரக்காகச் சொல்லிக்கொண்டே போவார். பஞ்சு உருளை, பேண்டேஜ் துணி, காயத்துக்கு வைத்துக் கட்டும் வலைத்துணி என்று கணீரென வரும் குரல், பதினாலாவது சரக்குக்கு வந்ததும் தணிந்துவிடும்.

"நம்பர் பதினாலு," என்பார். "பேர் போட வேண்டாம். நம்பரே போறும்."

பதினாலாம் நம்பர் என்பது பெண்கள் மாதவிலக்கு நாட்களில் வைத்துக்கொள்ளும் நாப்கின். அதை ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகியும், கம்பெனியில் அதன் பெயரை எந்த ஆணும் உரக்கச் சொன்னதில்லை. சேல்ஸ்மேன்கள் மருந்துக் கடைகளில் பெட்டிகளை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு வந்துவிடுவார்கள். கடைக்காரர்களும் அப்படியே அடியிலேயே வைத்துவிடுவார்கள். மேஜைக்கு அடியில் இருப்பதை யார் கேட்டு வாங்குவார்கள்?

1972 நவம்பரில் அறிக்கையின் கடைசி வரியாக சுவாமிநாதன் சொன்னது பங்கஜத்தைத் திடுக்கிட வைத்தது.

"நம்பர் பதினாலை டிசம்பரோட நிறுத்திடலாம்னு மேனேஜ்மெண்ட்டுக்குப் பரிந்துரை. நம்ம ஊர் பொம்மனாட்டிகளுக்கு இதெல்லாம் வேண்டியிருக்கலை. எழுதிண்டியா?"

எழுதிக்கொண்டாள். ஆனால் மனசு எழுத்தில் இல்லை. அந்தப் பிரிவில் பதினெட்டுப் பெண்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். நிறுத்தினால் பதினெட்டு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதைவிட, 'வேண்டியிருக்கலை' என்ற வார்த்தைதான் அவளை உறுத்தியது. இவருக்கு யார் சொன்னார்கள்? யாரைக் கேட்டார்?

பங்கஜத்துக்கு இருபத்தெட்டு வயது. மயிலாப்பூரில் வீடு. பொருளாதாரத்தில் பி.ஏ. படித்துவிட்டு, டைப்பிஸ்டாகச் சேர்ந்து ஆறு வருஷமாக டைப்பிஸ்டாகவே இருப்பவள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். கேட்காததைச் சொல்லிப் பழக்கமில்லை. அன்று மத்தியானம் மட்டும் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு பெட்டி கட்டும் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்தாள். நொச்சிக்குப்பத்திலிருந்து வரும் மீனாட்சி நகர்ந்து இடம் விட்டாள்.

"மீனாட்சி, நாள் பூரா இதையேதானே கட்டறே. நீ வாங்கியிருக்கியா?"

மீனாட்சி சிரித்துவிட்டாள். "இன்னா மேடம், கடையில போயி அந்த ஆம்பளையாண்ட இன்னான்னு கேக்கறது? ஒருவாட்டி கேக்கலாம்னுதான் போனேன். தலைவலி மாத்திரை வாங்கிக்கினு வந்துட்டேன்."

கொட்டகையே சிரித்தது. பிறகு ஒவ்வொருத்தியாகப் பேச ஆரம்பித்தார்கள். பெட்டியில் ஆறுதான் இருக்கிறது, மூன்று நாளைக்கு எப்படிப் போதும் என்றாள் ஒருத்தி. எப்படிக் கட்டிக்கொள்வது என்று உள்ளே இருக்கிற சீட்டு முழுக்க இங்கிலீஷில் இருக்கிறதே என்றாள் இன்னொருத்தி. பெட்டி மேல் கவுன் போட்ட வெள்ளைக்காரி படம் எதற்கு, தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடுகிறது என்றாள் மூன்றாமவள்.

அடுத்த இரண்டு வாரம் பங்கஜம் அடையாறில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதியில் கேட்டாள். தன் தெருவில் கேட்டாள். கேட்டதையெல்லாம் மூன்று பக்கத்துக்கு டைப் அடித்து சுவாமிநாதனின் மேஜையில் வைத்தாள். படிக்கப் படிக்க அவர் காது சிவந்தது.

"நன்னாத்தான் எழுதியிருக்கே. மீட்டிங்ல நானே எடுத்துச் சொல்றேன்," என்று மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

தன் பெயர் வராது என்பது பங்கஜத்துக்குத் தெரியும். விஷயம் வெளியே வந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்தே ஆறு வருஷம் போயிருந்தது.

மீட்டிங்கில் முதலாளி ராஜரத்தினம் நடுவில் உட்கார்ந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தியாகராய நகரில் ஜவுளிக் கடை வைத்து முன்னுக்கு வந்து, பிறகு இந்தக் கம்பெனியைத் தொடங்கியவர். சுற்றிலும் பதினோரு சேல்ஸ்மேன்கள். மூலையில் ஸ்டூலில் குறிப்பெடுக்கப் பங்கஜம். சுவாமிநாதன் எழுந்து, "பதினாலாம் நம்பரைப் பத்தி, அதாவது, பெட்டியோட அளவு கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார்.

"அளவுக்கு என்ன?" என்றார் ராஜரத்தினம். "ஒரு பொம்பளைக்கு மாசத்துக்கு எத்தனை வேணும்?"

சுவாமிநாதன் கையில் பதில் இருந்தது, இரண்டாம் பக்கம் நாலாம் வரியில். அவருக்கு வாய் வரவில்லை. மின்விசிறியைப் பார்த்தார். பதினோரு சேல்ஸ்மேன்களும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

"என்னவே, ஒருத்தருக்கும் தெரியாதா? ஒன்றரை வருஷமா எதைவே வித்துக்கிட்டிருக்கீங்க?"

பங்கஜத்தின் பென்சில் நின்றது. எழுந்து நின்றதுதான் அவளுக்கு ஞாபகம்.

"பத்துலேருந்து பன்னிரண்டு வேணும் சார். நம்ம நாப்கின் பெட்டியில ஆறுதான் இருக்கு. முதல் பெட்டியையே கூச்சப்பட்டுக்கிட்டு வாங்கறவ, பாதியில தீந்துபோனா ரெண்டாவது பெட்டிக்கு மறுபடியும் கடைக்குப் போகணும். போக மாட்டா சார். அதனாலதான் முதல் பெட்டியையே வாங்கறதில்லை."

ராஜரத்தினம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னும் இருக்கா?"

இருந்தது. பத்து நிமிஷம் பேசினாள். கடைசியில், "இதை ஆம்பளைங்க கையால மருந்துக் கடையில விக்க முடியாது சார். பொம்பளைங்க தாங்களாவே போற கடையில, பொம்பளைங்க கையால விக்கணும்," என்று முடித்தாள்.

"பொங்கல் வரைக்கும் டைம் தாரேன். பெட்டியை மாத்திக்கோ. தி.நகர், மயிலாப்பூர், அடையாறு மட்டும் நீயே பாரு," என்றார் ராஜரத்தினம்.

புதுப் பெட்டி டிசம்பர் முதல் வாரம் வந்தது. படமில்லாத வெளிர்நீலப் பெட்டி, உள்ளே பன்னிரண்டு, தமிழில் ஒரு சீட்டு. பையில் ஆறு பெட்டியுடன் பங்கஜம் ரங்கநாதன் தெருவில் ஒரு வளையல் கடைக்குப் போனாள். பதிமூன்று ஆண்களுக்கு முன்னால் பேசிய வாய், அங்கே ஒரு பெண்ணுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. ரிப்பன் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். மறுநாள் போய் ஹேர்பின் வாங்கினாள். மூன்றாம் நாள் கடைக்கார அம்மாள் ஜமீலுன்னிசாவே கேட்டாள்.

"இன்னாம்மா, மூணு தபா வந்துட்டே. பைய மாரோட அணைச்சுக்கினு நிக்கிறே. உள்ள இன்னா கீது?"

பங்கஜம் பையைத் திறந்து பெட்டியை எடுத்து வைத்தாள். சீட்டை விரித்துக் காட்டினாள். ஜமீலுன்னிசா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"இதுக்கா இந்தப் பாடு? அட, வளையல் போட வர்ற பொண்ணோட கை அரை மணி நேரம் என் கையில கீது. ஊருக் கதை எல்லாம் எங்கிட்ட சொல்லுதுங்க. இத நான் சொல்ல மாட்டனா? வெச்சுட்டுப் போ."

"அக்கா, இதை எப்படிச் சொல்லணும்னா..."

"எனக்கு மூணு பொண்ணுங்கம்மா. எனக்கா சொல்லிக் குடுக்கறே?"

நாலாம் நாள் கம்பெனிக்கு போன் வந்தது. ஆறு பெட்டியும் தீர்ந்துவிட்டது, இன்னும் முப்பது வேண்டும் என்று ஜமீலுன்னிசா பக்கத்துக் கடை போனிலிருந்து சத்தமாகச் சொன்னாள். போனை எடுத்தது சுவாமிநாதன். அவள் சரக்கின் பெயரை இரண்டு தடவை உரக்கச் சொன்னதில் அவருக்கு வியர்த்துவிட்டது. இருந்தாலும் ஆர்டரைப் பெயரோடு எழுதிக்கொண்டார்.

அதன்பின் பங்கஜத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. மயிலாப்பூரில் நாலு வளையல் கடை, ஒரு தையல் பள்ளி. அடையாறு விடுதியில் மாதாமாதம் மொத்தமாக எடுத்துக்கொள்ள ஏற்பாடு. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறபோதுகூட, அடுத்த கடையில் என்ன சொல்லலாம் என்று உதடு தானாக அசைந்துகொண்டிருந்தது. பொங்கலுக்குள் பெட்டி கட்டும் கொட்டகையில் பதினெட்டு பேர் இருபத்தாறு பேர் ஆனார்கள்.

பொங்கல் கழிந்த வாரம் சுவாமிநாதன் சந்தோஷமாகக் கூப்பிட்டார்.

"பங்கஜம், பேப்பர்ல விளம்பரம் குடுக்கணும், எழுதிக்கோ. நாப்கின் பிரிவுக்குத் தனியா ஒரு ஆபீசர் போடச் சொல்லிட்டார் முதலாளி. சரக்கு, பெட்டி, விளம்பரம், விற்பனை எல்லாம் அவர் பொறுப்பு. ஆண் பட்டதாரி, முப்பது வயதுக்குட்பட்டவர்."

அவர் குரலில் துளிக் கெடுதல் இல்லை. ஆபீசர் என்றால் ஆண். அதற்கு மேல் அவர் யோசித்ததில்லை. பங்கஜம் தன் இடத்துக்கு வந்து மெஷினில் தாளைச் செருகினாள். 'ஆண்' என்ற சொல்லுக்கு முன்னால் விரல் நின்றுவிட்டது.

இரண்டு மாதமாக இந்த வேலையைச் செய்துகொண்டிருப்பது யார்? நாளைக்கு ஒரு பையன் வருவான். அவனுக்கு மூன்று பக்கம் டைப் அடித்துக் கொடுப்பேன். அவன் மின்விசிறியைப் பார்ப்பான். கோபம் வருமென்று எதிர்பார்த்தாள். வந்தது சிரிப்பு. தாளை உருவிவிட்டு வேறொரு தாளைச் செருகினாள். ஐந்து நிமிஷத்தில் தன் பெயர், படிப்பு, வயது, செய்து முடித்த வேலை எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, நேராக முதலாளி அறைக்குப் போனாள்.

ராஜரத்தினம் படித்தார். சுவாமிநாதனையும் கூப்பிட்டனுப்பினார்.

"உனக்கு இந்த உத்தியோகம் வேணுமா? நீ கேப்பேன்னு நான் நினைக்கவே இல்லையேம்மா," என்றார் பங்கஜத்திடம்.

"நான் கேக்காம இருந்ததும் தப்புதான் சார். வேலையைச் செஞ்சா தானா தெரியும்னு இருந்துட்டேன். இப்போ கேக்கறேன்."

ராஜரத்தினம் மேனேஜரைப் பார்த்தார்.

"அன்னிக்கு மீட்டிங்ல என் கையில இருந்தது இவ எழுதின காகிதம் சார்," என்றார் சுவாமிநாதன் மெல்ல. "நான் சொல்லியிருக்கணும், சொல்லலை. இன்னொண்ணு. எங்காத்துல பொண்ணு பத்தாவது படிக்கறா. மாசத்துல மூணு நாள் பள்ளிக்கூடம் போக மாட்டா. ஏன்னு நான் கேட்டதே இல்லை. போன மாசம் ஒரு பெட்டி ஆத்துக்கு எடுத்துண்டு போனேன். இந்த மாசம் ஒரு நாள்கூட லீவ் போடலை. இந்த நாற்காலிக்கு வேற ஆள் தேடினா அது நம்ம அசட்டுத்தனம்."

பிப்ரவரி முதல் தேதி பங்கஜம் ஆபீசரானாள். முதலில் செய்த காரியம், கொட்டகையிலிருந்து மூன்று பெண்களை விற்பனைக்கு எடுத்தது. ஆர்டர் எழுதுமளவுக்குப் படித்த மீனாட்சியும் அதில் ஒருத்தி. சைதாப்பேட்டை கடைத்தெருவில் முதல் கடைக்கு முன்னால் மீனாட்சி நின்றுவிட்டாள்.

"வெக்கமா கீது மேடம். நீங்க படிச்சவங்க. நான் இன்னாத்த பேசுவேன்?"

"எனக்கும் இருந்துது மீனாட்சி. அந்த வெக்கத்தாலதான் ஆறு வருஷம் ஸ்டூல்ல உக்காந்திருந்தேன். நமக்குத் தெரிஞ்சதை வாய்விட்டுச் சொல்லணும். நாம செஞ்ச வேலைக்கு நாமதான் பேர் கேக்கணும். நாம ஒதுங்கி நின்னா, ஒண்ணும் தெரியாதவங்க வந்து நமக்காகப் பேசுவாங்க. நமக்கு இது வேண்டாம்னு அவங்களே முடிவும் பண்ணிடுவாங்க."

மீனாட்சி புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"அப்போ நீங்க இங்கயே நில்லுங்க மேடம்," என்று சொல்லிவிட்டுக் கடைக்குள் போனாள். "நீங்க கூட வந்தா, நீங்களே பேசிடுவீங்க."