ஒரே டம்ளர் தண்ணீர்

விடியற்காலையில் இறந்துபோன அண்ணனின் கன்னத்தில் நுரையைப் பூசிவிட்டு, முடிதிருத்துகிறவர் சவரக்கத்தியைக் கையில் எடுத்தார். "என்ன வியாதிம்மா?"

"மஞ்சள் காமாலைப்பா," என்று சித்தி முந்திக்கொண்டாள். கூடவே தங்கையின் தொடையில் ஒரு கிள்ளு. கூடம் நிறைய தங்கையின் புகுந்த வீட்டார். அண்ணனுக்குச் சுகாதாரத்துறையில் ஏதோ வேலை என்றுதான் அவர்களிடம் சொல்லிவைத்திருந்தது. பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை.

பாலத்தடியில் போதை ஊசி போட்டுக்கொள்கிறவர்களைத் தேடிப்போய்ப் புது ஊசி கொடுத்துப் பழையதை வாங்கிவருவது அவன் வேலை. ஒரு காலத்தில் அவனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். அதை விட்டொழித்தது என்ன லேசுப்பட்ட காரியமா? விட்டபின் அதே இடத்துக்குத் திரும்பிப் போய் நின்றானே, அதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும்.

ஊசியை நீட்டுமுன் தன் வண்டவாளத்தைத் தானே தண்டவாளம் ஏற்றுவான். தங்கை ஒருமுறை கூடப்போய்க் கேட்டிருக்கிறாள். "எனக்கு ஹெபடைடிஸ் சி இருக்குடா. நாங்கல்லாம் பெரிய புத்திசாலிங்க, ஆளுக்கொரு ஊசி வச்சிருந்தோம். கழுவுற தண்ணி மட்டும் ஒரே டம்ளர். அதுல வந்துச்சு. போய் டெஸ்ட் எடு. சீக்கிரம் பாத்தா மாத்திரையிலயே சரியாயிடும்." அவனுக்குத் தெரியவந்தபோது ஈரல் கெட்டு முடிந்திருந்தது. அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

கத்தி கன்னத்தை நெருங்கியது. பிடித்திருந்த கட்டைவிரலில் இன்னும் ஆறாத வெட்டுக்காயம்.

"இருங்க," என்றாள் தங்கை. "காமாலை இல்லீங்க. ஹெபடைடிஸ் சி. அண்ணன் முன்னாடி போதை ஊசி போட்டவர். ரத்தத்துல பரவுற வியாதி. கையில காயம் இருக்கு, கிளவுஸ் போட்டுக்கங்க. அந்த பிளேடை வேற யாருக்கும் போடாதீங்க."

மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சித்தி தலையில் கைவைத்துக்கொண்டாள். மானம் போனால் போகட்டும் என்றிருந்தது தங்கைக்கு. அண்ணனை நினைக்க அவளுக்குப் பெருமையாக இருந்தது.

முடிதிருத்துகிறவர் கத்தியைக் கீழே வைத்தார். எழுந்து போய்விடுவார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவர் பையைத் துழாவிக் கையுறைகளை எடுத்தார்.

"டை அடிக்க வச்சிருந்தது. நல்லவேளை சொன்னீங்கம்மா," என்று மாட்டிக்கொண்டு, அவசரப்படாமல் மீசையோரம்வரை மழித்தார்.

தங்கை சமையலறையில் கை கழுவிக்கொண்டிருந்தபோது கொழுந்தன் உள்ளே வந்தான். வங்கி உத்தியோகம், மாமியார் வாய் ஓயாமல் மெச்சுகிற கடைக்குட்டி. சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று திரும்பினாள். அவன் கதவைச் சாத்தினான்.

"அண்ணி, அந்த வியாதிக்கு டெஸ்ட்... எங்க எடுக்குறாங்க?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினான். மூடியதையே மறுபடியும் திருகினான்.

"நாளைக்குப் போலாம் தம்பி. நானும் கூட வரேன்."

"சின்னவனே, எங்கடா போன?" என்று கூடத்திலிருந்து மாமியார் கூப்பிட்டாள்.

ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அவன் அங்கேயே நின்றான். அவள் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திப் போட்டாள்.