இலையின் இடப்பக்கம்

“ஊறுகா எங்க புள்ள, வெக்கவே—”

“வெச்சேனுங்க, இலையிலதான—”

“உப்புமில்ல, ஊறுகாயுமில்ல. பக்கத்துல உக்காந்து பரிமாறக்கூட ஆளில்ல!”

“அப்ப இங்க உக்காந்திருக்கறது பேயா? என்ற சமையல் புடிக்கலீன்னா நேரா சொல்லிப்போடுங்க!”

வயலில் ஒருநாள் மயங்கி விழுந்து எழுந்ததிலிருந்து அர்த்தநாரி வீட்டில் சாப்பாட்டு நேரமெல்லாம் இதே சண்டைதான். கடைசியில் மனைவி பூவாத்தாள் அவரைக் கொல்லங்கோட்டுக் கண் முகாமுக்கு இழுத்துப் போனாள். அட்டையிலிருந்த எழுத்துகளைக் கடைசி வரிவரை வாசித்துவிட்டு, “பாத்தியா?” என்று அவர் மீசையைத் தடவினார்.

டாக்டர் அவரை நேராகப் பார்க்கச் சொல்லி, ஓரத்தில் விரலை அசைத்தார். வலப்பக்கம் தெரிந்தது. இடப்பக்கம் இரண்டு கண்ணுக்குமே தெரியவில்லை.

“கண்ணு நல்லாத்தான் இருக்கு. அன்னைக்கு மயங்குனப்போ மூளையில ரத்தக்குழாய் அடைச்சிருக்கு, அதான் இடப்பக்கம் தெரியல. அதுக்கு மாத்திரை தர்றேன். தலையைத் திருப்பிப் பாத்துப் பழகிக்குங்க.”

மறுநாள் மதியம் இலைமுன் அமர்ந்த அர்த்தநாரி மெல்ல இடப்பக்கம் திரும்பினார். உப்பு இருந்தது. மாங்காய் ஊறுகாயும் இருந்தது. இன்னும் கொஞ்சம் திரும்பினார். கரண்டியும் கையுமாகப் பூவாத்தாள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்புள்ள, இத்தன நாளும் நீ இங்கயேதான் உக்காந்திருந்தியா?”