நனைந்த பிளக்

இருசப்பன் இன்னொரு முறை ஓங்கி உதைத்தான். கிக்கர் கீழே போய் மேலே வந்ததே தவிர வண்டி முனகக்கூட இல்லை. பந்தலில் அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள். மேளக்காரர்களும் கையை எடுத்துவிட்டார்கள். பெண்டாட்டி பிணமாகக் கிடக்கும் வாசலில் புருஷன் வண்டியோடு மல்லுக்கட்டினால் ஊர் வேறு எங்கே பார்க்கும்?

"மாமா, வண்டிய உட்டுட்டு வா. குளிப்பாட்டத் தண்ணி மொண்டாந்துட்டாங்க" என்றாள் பக்கத்து வீட்டு அம்சவள்ளி.

"இது ஏன் ஸ்டார்ட் ஆவலன்னு எனக்குத் தெரியணும்."

"இப்பத் தெரிஞ்சி இன்னா பண்ணப் போற?"

பண்ண ஒன்றும் இல்லைதான். ஆனாலும் தெரிய வேண்டும்.

சங்கராபுரத்தில் கருவாடு வாங்கி, கூடையில் கட்டிக்கொண்டு கல்வராயன் மலை ஊர்களுக்கு ஏறி இறங்கும் வண்டி அது. மேட்டில் இழுக்கவில்லை என்று ராஜாங்கம் பட்டறையில் விட்டான். எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்து முந்தாநாள்தான் கொடுத்தார்கள். வழியெல்லாம் நன்றாகத்தான் ஓடியது. வீட்டுக்கு வந்ததும் செல்லியம்மாளை உட்கார வைத்து ஊரை ஒரு சுற்றுகூடச் சுற்றினான். இந்த வயதில் இது தேவையா என்று அவள் அவன் முதுகில் குத்திக்கொண்டே வந்தாள்.

நேற்றுச் சாயங்காலம் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். போன் அடித்தால் ஆம்புலன்ஸ் வரும் காலம் இல்லை அது. வண்டி இருக்கும்போது என்ன பயம், கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியை எட்டிப் பிடித்துவிடலாம் என்று ஓடிப்போய் உதைத்தான். முட்டி பெயர உதைத்தான். வாசல் கட்டிலில் கிடந்தவளுக்குப் பேச்சு வரவில்லை. அவன் பக்கமாகக் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். தண்ணீர் கேட்கிறாள் என்று அம்சவள்ளி சொம்பை வாயருகே கொண்டுபோனாள். செல்லியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் கையைத் தூக்கினாள். ஒருவழியாகப் பால் வண்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பாதி வழியில் தலை சாய்ந்துவிட்டது.

சாவுக்கு மாலையோடு வந்த ராஜாங்கம், மாலையைப் போட்டுவிட்டு நேராக வண்டியிடம் வந்து குந்தினான். பிளக்கைக் கழற்றி எஞ்சின்மேல் வைத்து, கிக்கரைக் கையால் அழுத்திப் பார்த்தான்.

"கரண்ட்டு நல்லா வருதுண்ணே. பெட்ரோலும் ஜாஸ்தியாவே வருது. பாருங்க, பிளக்கு குளிச்சிக்கினு இருக்குது."

"ரெண்டும் வந்தா ஓடணும் இல்ல?"

"ஓடணும். அதாண்ணே எனக்கும் புரியல."

பிளக்கை வேட்டி முனையில் துடைத்து மாட்டினான். அடுத்து எதைப் பார்க்கலாம் என்று எழுந்தவனின் சட்டையை ஒரு கை பிடித்தது. செல்லியம்மாளின் அண்ணன் பொன்னுரங்கம். உளுந்தூர்பேட்டையிலிருந்து பிறந்த வீட்டுக் கோடிப் புடவை கொண்டுவந்து, அதைத் தங்கச்சியின்மேல் போர்த்திய கையோடு வந்திருந்தார்.

"ஓடிக்கினு இருந்த வண்டியப் பிரிச்சிப் போட்டு என் தங்கச்சியக் கொன்னுட்டியேடா! உனுக்கு ஒரு வழி பண்ணாம நான் பொணத்த எடுக்க உட மாட்டேன்!"

அவரோடு வந்தவர்கள் சுற்றிக்கொண்டார்கள். ஒருவன் பந்தல் கழியை உருவினான். ராஜாங்கத்தின் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே. எங்கிட்டேருந்து நல்லாத்தானே ஓட்டிக்கினு வந்தீங்க?"

இருசப்பன் வண்டியைப் பார்த்தான். நல்லாத்தான் ஓடியது. அப்புறம் யாரும் அதைத் தொடவில்லை. தொடாத வண்டி எப்படி நிற்கும்? சுற்றி வந்து வண்டியின் பின்னால் குந்தினான். கண்ணுக்கு நேராகச் சைலன்சரின் வாய். அதற்குள்ளே ஏதோ ஊதா நிறத்தில் தெரிந்தது.

இரண்டு விரலை விட்டு இழுத்தான். துணி. விரலால் குத்திக் குத்தி இறுக்கமாக அடைத்திருந்த துணி நீளமாக வந்துகொண்டே இருந்தது. நுனி மட்டும் ஊதா, மற்றதெல்லாம் கரி. செல்லியம்மாளின் பழைய புடவைக் கிழிசல். புகை போக வழி இல்லாமல்தான் வண்டி கிளம்பவில்லை.

புதுசாக வேலை பார்த்த வண்டி, சைலன்சரில் மழைத்தண்ணி இறங்காமல் பார்த்துக்கச் சொன்னான் ராஜாங்கம் என்று, முந்தாநாள் சாப்பிடும்போது அவன்தான் அவளிடம் சொன்னான். நேற்று மத்தியானம் தூறல் போட்டபோது அவன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான்.

அப்படியானால் அந்தக் கை? தண்ணீர்தான் கேட்டாளா, இதைக் காட்டினாளா? அவனுக்குத் தெரியவில்லை. இனி கேட்கவும் ஆள் இல்லை. ஐயோ என்று வாய்விட்டுக் கத்த வேண்டும்போல் வந்தது. துணியைச் சுருட்டி மடியில் செருகினான். கத்தியிருந்தால் எல்லோரும் துணியைப் பார்த்திருப்பார்கள். தன் சாவைத் தானே தேடிக்கொண்டாள் என்று நாளைக்கு ஊர்க் குழாயடியில் பேசுவார்கள்.

அங்கே கழி ஓங்கிவிட்டது.

"மச்சான், அவன உடு" என்றான் இருசப்பன். பெட்ரோல் டேப்பில் கையை வைத்தபடி எழுந்தான். "டேப்பு மூடிக்கினு இருந்துது. நாந்தான் பதட்டத்துல தொறக்காம ஒதைச்சிக்கினு இருந்திருக்கறேன்."

உதைத்தான். வண்டி இருமிற்று. மறுபடி உதைத்ததும் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு வாசலே அதிரக் கிளம்பியது. அணைத்தான்.

ராஜாங்கம் வாயைத் திறந்தான். தன் விரல்களை மூக்கருகே கொண்டுபோனான். பெட்ரோல் வாடை இன்னும் இருந்தது. இருசப்பனைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

பொன்னுரங்கத்தின் கை சட்டையிலிருந்து நழுவியது.

"ஒரு டேப்பத் தொறக்கத் தெரியலியா மாப்ள உனுக்கு?" என்று குரல் உடைந்து கேட்டார். "என் தங்கச்சியோட சரி. இனிமே உன் வூட்டு வாசப்படி மெதிக்க மாட்டேன்."

சொன்னபடியே சுடுகாட்டிலிருந்து நேராகப் பஸ் ஏறிவிட்டார்.

இருசப்பன் குளித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியபோது ராஜாங்கம் மட்டும் கூடவே வந்தான். வண்டியருகே நின்றான்.

"அண்ணே, டேப்பு மூடியிருந்தா பிளக்கு எப்பிடிண்ணே நனையும்?"

மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. இருசப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மழ வர்ற மாதிரி இருக்குது. நீ கெளம்பு."

ராஜாங்கம் போனான். கோலமில்லாத வாசலில் முதல் தூறல் விழுந்தது. இருசப்பன் உள்ளே போய், சுடுகாட்டுக்குப் போகுமுன் மடியிலிருந்து எடுத்து வைத்திருந்த புடவைக் கிழிசலை எடுத்து வந்தான். வண்டியின் பின்னால் குந்தி, ஊதா நுனி வெளியே தெரியும்படி அதைச் சைலன்சரின் வாயில் அடைத்தான்.