ஈச்சமேட்டுப் பஞ்சாயத்தும் அமெரிக்க நாவலும்

ஜவ்வாது மலையில் ஈச்சமேடு என்ற ஊரில், ஓர் அமெரிக்க நாவலை ஊர்விலக்கு வைப்பதற்காகக் கூடிய பஞ்சாயத்து ஆறு வருஷமாக இன்னும் கலையவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கப் புத்தகத்தில் இதுவரை நாலாயிரம் பக்கத்துக்கு மேல் படித்தாயிற்று. புத்தகத்தின் தடிமன் அன்றும் இன்றும் இரண்டு விரற்கடைதான். ஜமுனாமரத்தூரிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு நடை வரும் பஸ்ஸின் கண்டக்டர்கூட ஞாயிற்றுக்கிழமை இறங்குகிறவர்களிடம், "எந்தப் பக்கத்துல கீறாங்க?" என்று விசாரித்துவிட்டுத்தான் விசில் ஊதுகிறார்.

ஊர்ப்புற நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் தேவயானிக்கு அந்த ஊரின் மேல் ஒருநாளும் மதிப்பு இருந்ததில்லை. ஒழுக்கம், நன்னெறி என்று அட்டையிலேயே எழுதியிருந்த நூற்று நாற்பது புத்தகங்களைக் கரையானைத் தவிர யாரும் தொட்டது கிடையாது. தமிழில் வந்திருந்த இந்த அமெரிக்க நாவல் ஒன்றுதான் கை மாறிக்கொண்டே இருந்தது. எழுதியவன் செத்து எழுபது வருஷம் ஆகிறது. கதை இதுதான்: கோதுமைக் காட்டு விவசாயி ஒருவனின் பெண்டாட்டி, கொதிக்கிற சட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டு, கழுதை வண்டியைப் பூட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறாள். போனவள் சீரழியவில்லை, சாகவில்லை, திரும்பி வந்து புருஷன் காலில் விழவும் இல்லை. அதைத்தான் அவள் நாட்டுக்காரர்களால் தாங்க முடியவில்லை. பாதிரிமார் கொளுத்தினார்கள், பள்ளிக்கூடங்களில் எடுத்து வெளியே எறிந்தார்கள், கொளுத்தியவர்களே எதைக் கொளுத்தினோம் என்று பார்க்க இன்னொரு பிரதி வாங்கினார்கள். முன்னுரையில் இந்தச் சங்கதியைப் படித்தபோது, மடையர்களுக்கு எந்த நாடானால் என்ன என்று தேவயானி நினைத்துக்கொண்டாள்.

ஈச்சமேட்டு மடையனின் பெயர் பிரகாஷ். ரோடு கான்ட்ராக்ட் எடுக்கிறவன். வெள்ளைச் சட்டையை அழுக்காக்காமல் மலையில் நடக்கத் தெரிந்த ஒரே ஆள். அவன் மனைவி நதியா நாவலை எடுத்துப்போய் மூன்று நாள் வைத்திருந்தாள். மூன்றாம் நாள் களி அடிபிடித்துக் கருகியது. கத்திய புருஷனிடம் அவள் நிதானமாக, "இன்னாங்க, ஒரு சட்டி கருகினதுக்கா இந்த ஆட்டம்? அவ வூடே கருகட்டும்னு போய்ட்டா" என்றாள். பிரகாஷ் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அது குடும்பத்தைக் கெடுக்கிற புத்தகம் என்று போனில் யாரோ பேசியதைக் கேட்டிருந்தான், அது போதுமானதாக இருந்தது. பிடிக்காத புருஷனை விட்டு வேறு வீடு போவது மலையில் காலம்காலமாக நடப்பது. பிரகாஷின் அம்மாவே இரண்டு வீடு பார்த்துவிட்டு மூன்றாவதாகத்தான் அவன் அப்பாவிடம் வந்தாள். இப்போது அவன் பேசிய மானம் மலைக்குக் கீழே திருப்பத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தது.

புத்தகத்தை அடுப்பில் போட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் பிரகாஷுக்கு முறைப்படி ஊர்விலக்கு வேண்டும், அதைப் போனில் படம் பிடித்துப் போடவும் வேண்டும். மனிதர்களுக்கு வைக்கிற விலக்கைப் புத்தகத்துக்கு வைக்கலாமா என்று தீர்ப்பு சொல்லும் ஊர்க்கவுண்டர் ரங்கன் ஒரு பகல் முழுக்க யோசித்து, வைக்கலாம் என்றார். யோசனை என்றால் அவ்வளவுதான் அவருக்கு. அந்த ஊர் விலக்குக்கு இரண்டு சட்டம் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் பேசி முடிக்கும்வரை தீர்ப்பு சொல்லக்கூடாது. பேச வாயில்லை என்றால் அந்த வீட்டு ஆள் பேசலாம். விலக்கு விழுந்தால் அந்த வீட்டுக்கு நெருப்பு, தண்ணீர் கிடையாது. செத்தால் பாடை தூக்க ஆள் வராது. புத்தகத்தின் வீடு நூலகம், நூலகத்தின் ஆள் தேவயானி, ஆக விலக்கு அவள் வீட்டின் மேலும் விழும். அவளுக்கு விலக்கைப் பற்றிப் பயம் இல்லை. ஆனால் வீட்டில் அம்மா அம்மாக்கண்ணு கைகால் விழுந்து கிடந்தாள். ஊர் தூக்கிப் போய்த் தன்னைப் புருஷன் பக்கத்தில் புதைக்க வேண்டும், அது ஒன்றுதான் அவள் ஆசை.

அப்படித்தான் தேவயானி ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குக் களத்துமேட்டில் உட்கார்ந்து புத்தகத்தை உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். இருபத்துநாலாவது ஞாயிறு கடைசிப் பக்கம் வந்தது. பிரகாஷ் போனைத் தூக்கிப் பிடித்தான். தேவயானி முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். அங்கே முந்நூற்றுப் பதின்மூன்று இருந்தது. ரங்கன் எச்சில் தொட்டுப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பேசி முடிக்கல. அடுத்த வாரம் வாங்க" என்றார். அடுத்த வருஷம் கீழேயிருந்து நூலக ஆய்வாளர் ஒருவர் வந்து பக்கத்தை ஒவ்வொன்றாக எண்ணினார், முந்நூற்றுப் பன்னிரண்டு என்று குறித்துக்கொண்டார், பிறகு எழுநூற்று எட்டாம் பக்கத்தைக் கேட்டபடி உட்கார்ந்து பஸ்ஸைத் தவறவிட்டார்.

வேண்டாத பெண்டாட்டி கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம் என்பார்கள். அந்த அமெரிக்காக்காரி வண்டியை நிறுத்தினால் திமிர் என்றார்கள், ஓட்டினால் ஓடுகாலி என்றார்கள். திட்டினவர்கள் ஒருவரும் ஒரு ஞாயிறும் தவறவில்லை. சாமை அறுப்பை நிறுத்திவிட்டு வந்தார்கள், புளி உலுக்குகிற நாளை மாற்றி வைத்தார்கள். பிரகாஷ் முன்வரிசையில் உட்கார்ந்து, ஆபாசம் ஆபாசம் என்று தலையிலடித்துக்கொண்டே, காற்றில் சரியாகக் கேட்காத வரிகளை மறுபடி படிக்கச் சொன்னான். தேவயானி அருவருப்பில் அவர்கள் முகத்தைப் பார்க்காமலே படித்தாள். வீடு திரும்பினால் அம்மா, "முடிஞ்சிடுச்சாடி?" என்பாள். "இல்லம்மா, இன்னும் கீது." அம்மா கண்ணை மூடிக்கொள்வாள்.

ஆறாம் வருஷம் பங்குனியில் அம்மாக்கண்ணு செத்தாள். தீர்ப்பு வராததால் ஊரே வந்தது. பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தவன் பிரகாஷ். வெள்ளைச் சட்டை செம்மண்ணாகியும் அவன் தோள் மாற்றவில்லை. புருஷன் பக்கத்தில் குழி வெட்டி, முறை ஒன்று குறையாமல் புதைத்தார்கள். ஊர் போன பிறகு தேவயானி புதைத்த மேட்டின் மேல் உட்கார்ந்து, ஆறு வருஷத்தில் முதல்முறையாக ஓவென்று அழுதாள்.

கருமாதி முடிந்த ஞாயிறு, புத்தகத்தைக் கொண்டுவந்து ரங்கன் முன்னால் விரித்து வைத்தாள்.

"எங்கம்மாவ நல்லபடியா எடுத்துட்டீங்க. இனிமே எனக்கு ஒரு பயமும் இல்ல. தீர்ப்ப சொல்லிடுங்க மாமா. என்னயும் சேத்து வெலக்கி வெச்சிக்குங்க, நான் கீழ போயிடறேன்."

ரங்கன் வாயைத் திறக்குமுன் நதியா புருஷனை முறைத்தாள். பிரகாஷ் எழுந்தான்.

"அதெப்படிக்கா? ஆத்துல வெள்ளம் வருது, அந்தம்மா வண்டியோட நடுவுல மாட்டிக்கினு கீது. அத அப்டியே வுட்டுட்டு தீர்ப்பு சொன்னா நாமெல்லாம் மனுசங்களா?"

ஆறு வருஷத்து அருவருப்பும் தேவயானியின் வாயில் எச்சிலாக ஊறியது. தாய் வயிற்றில் பிறந்தவர்களா இவர்கள், ஒரு கிழவியின் சாவைக் காட்டி ஆறு வருஷம் தன்னை நடுங்க வைத்தவர்கள், தாளில் இருக்கிற தண்ணீருக்குப் பதறுகிறார்கள். முகத்திலேயே துப்பிவிடலாம் என்று தலை நிமிர்ந்தவள், ஒரு கணம் புத்தகத்தைப் பார்த்துவிட்டாள். தண்ணீர் அச்சாணிவரை ஏறியிருந்தது. அந்த அமெரிக்காக்காரியின் தோளை எட்டுவதற்குள் பக்கம் முடிந்திருந்தது.

தேவயானி ஓரமாகத் திரும்பித் துப்பினாள். முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தைத் திருப்பிப் படிக்க ஆரம்பித்தாள். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றார்கள். அவள் குரலை உயர்த்தினாள்.