காதோரம் வளைத்த ஈயம்

அன்று ஈயக்கடைக்குள் காலெடுத்து வைப்பதில்லை என்ற முடிவோடுதான் என் வீட்டுக்காரருடன் கிளம்பினேன். கடை வாசலில் ஒரு முக்காலி கிடந்தது. அதில் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். அவருக்கு என் முதுகு மட்டும்தான் தெரிய வேண்டும். பதினாறு நாளாக எங்கள் வீட்டில் பேச்சு என்பது "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கு" என்ற அளவில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நாங்கள் வண்ணக் கண்ணாடி ஜன்னல் செய்கிறவர்கள். கண்ணாடி வெட்டுவது நான். வெட்டிய துண்டுகளின் ஓரத்தில் செம்பு நாடா சுற்றுவதும் நான். அவற்றை அடுக்கி, இணைப்புகளில் ஈயத்தை உருக்கி ஒட்டுவது என் வீட்டுக்காரர். வெள்ளீயமும் காரீயமும் கலந்த குச்சி அது. வெள்ளீயம் தூக்கலாக இருந்தால் சூட்டுக்கோல் பட்டதும் தண்ணீராக ஓடி, இணைப்பின் மேல் வழவழவென்று உருண்டு நிற்கும். காரீயம் கூடிப்போனால் எத்தனை சூடு காட்டினாலும் முரண்டு பிடிக்கும்.

ஒரு பல் டாக்டருக்குச் செய்த ஜன்னலில் அதுதான் நடந்தது. நாணலும் நாலு பறவையும் போட்ட ஜன்னல். ஒரு பறவையின் கழுத்தை வெட்டவே எனக்கு அரை நாள் ஆனது. அதன் ஓரமெல்லாம் ஈயம் திட்டுத் திட்டாக, கறுத்து நின்றது. மாட்டிய பத்தாம் நாள் மூன்று இடத்தில் விரிசல். டாக்டர் நல்ல மனிதர். "இது இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டு, கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

அந்த ஈயத்தை வாங்கிய அன்று நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். அவர் தனியாகப் போய் வாங்கி வந்தார். எனக்கு வாய் சும்மா இருக்காது. "முப்பத்தோரு வருஷமா வாங்குறீங்க. உங்க தலையில குப்பையக் கட்டுறாங்கன்னு கூடவா தெரியல?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. "இதப் பிரிச்சு மறுபடி பத்த வைக்கிறேன். அதுவும் சரியா வரலைன்னா சூட்டுக்கோலக் கீழ வெச்சிடுறேன்" என்றார். மிரட்டலுக்காகப் பேசுகிற ஆள் இல்லை. சொன்னால் செய்துவிடுவார். கோலைக் கீழே வைத்துவிட்டு அந்த மனிதர் என்ன செய்வார்? நான் வெட்டிய கண்ணாடியை வேறு யார் கையில் கொடுப்பேன்? பயம் அதிகமானால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். அதனால்தான் முதுகு.

காலையில் மூன்று தடவை வந்து "நீயும் வாயேன்" என்று கூப்பிட்டார். சமாதானத்துக்கு அடி போடுகிறார் என்று நினைத்தேன்.

உள்ளேயிருந்து சூடான ஈயத்தின் வாசனை வந்தது. கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அங்கேதான் உருக்கி அச்சில் ஊற்றிக் குச்சியாக எடுப்பார்கள். குழாய் வேலைக்காரர்களுக்கு ஒரு கலவை, தகர வேலைக்கு ஒன்று, எங்களைப் போன்றவர்களுக்கு ஒன்று. எல்லாம் ஒரே நிறம், ஒரே நீளம். பெட்டிக்குப் பெட்டி கலந்துபோய்க் கிடக்கும். முன்பு பழைய முதலாளி கடையைப் பார்த்தார், இப்போது அவர் மகள் பார்க்கிறாள். பெட்டிகள் மட்டும் மாறவில்லை.

கல்யாணமான மூன்றாவது வாரம் என்னை முதன்முதலில் இங்கே கூட்டிவந்தார். புதுப் பெண்டாட்டியை மனிதன் எங்கெங்கோ கூட்டிப்போவான். இவர் ஈயக்கடைக்குக் கூட்டிவந்தார். நல்ல புடவை கட்டிக்கொண்டு, கரி படிந்த கல்லாவை ஒட்டி, அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் ஒரு குச்சியை எடுத்துக் காதருகே வைத்துக் கண்ணை மூடி மெல்ல வளைத்தார். தொலைபேசியில் யாரோ ரகசியம் சொல்வதைக் கேட்பதுபோல ஒரு முகம். நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காத. வெள்ளீயம் வளைஞ்சா பேசும். காரீயம் ஊமை" என்றார்.

எத்தனை தடவை அப்படி வந்திருப்போம். மழையில், வெயிலில், கையில் குழந்தையோடு, பிறகு குழந்தை பள்ளிக்கூடம் போன பிறகு நிம்மதியாக. வாங்கியதும் முனையில் இருக்கும் கடையில் நின்று ஆளுக்கொரு டீ. செய்யப்போகும் ஜன்னலைப் பற்றி அந்த டீ ஆறும்வரை பேசுவார். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். எங்கள் பட்டறையில் பேசியதைவிட அந்தத் தெருமுனையில்தான் அதிகம் பேசியிருக்கிறோம்.

"இது பேசல" என்ற அவர் குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டது. குச்சி பெட்டிக்கு வெளியே விழும் ஓசை. "இதுவும் பேசல."

ஏழு, எட்டு, ஒன்பது என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, நேத்து ஊத்தினது. எங்கப்பா கணக்குப்படிதான் ஊத்தினோம்" என்றாள் கடைக்காரி. "வேணும்னா இந்தக் கம்பிச் சுருள் எடுத்துக்கோங்க. வெள்ளீயம் அறுபது, காரீயம் நாப்பதுன்னு மேலேயே போட்டிருக்கு."

"அது ரேடியோ ரிப்பேருக்கும்மா. உள்ள பிசின் இருக்கும். கண்ணாடியில பொரிஞ்சு கறை பிடிக்கும்."

"அப்ப உள்ள ஒரு பெட்டி இருக்கு. கொண்டாறேன், இருங்க." அவள் செருப்புச் சத்தம் பின்னறைக்குள் போனது.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து உள்ளே போனேன். கல்லாவின் மேல் அவர் ஒதுக்கிய குச்சிகள் கிடந்தன. ஒன்றை எடுத்தேன். இத்தனை வருஷத்தில் என் கையால் நான் வளைத்ததே இல்லை. காதருகே வைத்து வளைத்தேன். சர்க்கரைக் கட்டியைப் பல்லில் வைத்துக் கடித்தாற்போல நறநறவென்று மெல்லிய சத்தம் வந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் அப்படியே. மூன்றாவது மட்டும்தான் ஊமை.

"இது பேசலையா?" என்றேன். "ஊரையே கூட்டுது. வீறாப்புக்கு ஒரு அளவு வேண்டாமா? ஒரு சின்ன சண்டைக்கு இப்படி ஒத்தக்கால்ல நிக்கிறீங்களே."

அவர் பின்னறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "எனக்குக் கேக்கல."

"எது?"

"எதுவும் பேசல எனக்கு. பேச்செல்லாம் கேக்குது. இந்த மெல்லிசுதான் கேக்கல. ரெண்டு வருஷமாச்சு."

கல்யாணமான நாளிலிருந்தே நான் சொல்வது அவர் காதில் விழுந்ததில்லை. அதனால் எப்போதிலிருந்து நிஜமாகவே விழாமல் போனது என்று எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது. ஆனால் கணக்கு உதைத்தது. இந்த இரண்டு வருஷத்தில் பதினோரு ஜன்னல் செய்திருக்கிறோம். டாக்டருடையது தவிர ஒன்றில்கூட ஒரு குறை கிடையாது.

"அப்ப மத்ததுக்கெல்லாம் எப்படிப் பாத்து வாங்கினீங்க?"

அவர் கையிலிருந்த குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தப்பு செய்துவிட்டு நிற்கும் பிள்ளையின் முகம்.

"உன் மூஞ்சியப் பாத்துத்தான்" என்றார். "நீ பக்கத்துல நிப்பியே. நல்ல குச்சி வளையும்போது உனக்குப் பல்லு கூசுற மாதிரி இடது புருவம் லேசாச் சுருங்கும். ஒரு நிமிஷம்கூட இருக்காது. சுருங்கினா எடுத்துக்குவேன்."

என் கை தானாக இடது புருவத்துக்குப் போனது.

"போன தடவ நீ வரல. குத்துமதிப்பா எடுத்தேன். இன்னிக்கு வந்தே, ஆனா அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துட்டே."

பதினாறு நாளுக்கு முன் நான் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. குப்பை, தலையில் கட்டுவது, கூடவா தெரியல. அத்தனையையும் வாங்கிக்கொண்டு, காலையில் மூன்று தடவை வாசலில் வந்து நின்று கூப்பிட்டிருக்கிறார். அவமானமாக இருந்தது. இந்த மனிதர்மேல் இவ்வளவு பிரியம் எனக்கு இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று ஆச்சரியமாகவும் இருந்தது.

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல" என்றேன். எனக்கு அன்பும் அப்படித்தான் வெளியே வரும்.

"சொன்னா நீ என்னைக் கோலத் தொட விடமாட்டேன்னு நெனச்சேன்."

"காதாலயா பத்த வைக்கிறீங்க?"

அவர் யோசித்தார். இந்தக் கேள்வியை அவர் தன்னிடமே கேட்டுப் பார்த்ததில்லை என்று தெரிந்தது.

கடைக்காரி புதுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கல்லாவின் மேல் தொப்பென்று வைத்தாள். அவர் ஒன்றை எடுத்தார். என் காதருகே நீட்டி வளைத்து, என் முகத்தைப் பார்த்தார். பார்க்கிறார் என்று தெரிந்துவிட்ட பிறகு புருவம் எப்படித் தானாகச் சுருங்கும்? போட்டோவுக்கு நிற்பதுபோல விறைத்து நின்றேன்.

"இப்படி நின்னா என்ன தெரியும்?" என்றார்.

"நானே வளைச்சு வாயால சொல்றேன். கொடுங்க."

கடைக்காரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன அண்ணே, இன்னிக்கு அண்ணி பாக்குறாங்க?"

அவருக்காக ஒரு பொய் சொல்ல நான் தயாராகிக்கொண்டிருந்தேன். கைவலி, தோள்வலி, ஏதாவது. அவர் என்னை முந்திக்கொண்டார்.

"எனக்குக் காது போச்சும்மா. இனிமே அவ சொல்றதுதான்."

அவள் பெட்டியை என் பக்கம் தள்ளிவைத்தாள்.

முதல் குச்சி ஊமை. இரண்டாவதும். மூன்றாவது பேசியது. தெருவில் ஒரு வண்டி போனதால் சந்தேகம் வந்து மறுபடி வளைத்துப் பார்த்தேன். பேசியது.

"இது" என்றேன்.

டாக்டர் ஜன்னலுக்கு எட்டுக் குச்சி வேண்டும். எட்டும் எடுக்க வெகுநேரம் ஆனது. ஒன்றைக்கூட அவர் தன் காதருகே கொண்டுபோகவில்லை. பையை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் நான் உள்ளே போடும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.