ஆல்வின் செத்த பிரியாணி

போன் காலையில் வந்தது. ஷூ கம்பெனி பஸ்ஸுக்காக ஷர்மிளா ஆம்பூர் பைபாஸில் நின்றுகொண்டிருந்தாள். பேசியவன், அமெரிக்காவில் தம்பி ஆல்வினோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த நண்பன். படப்பிடிப்பிலிருந்து வந்து படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை, மாரடைப்பாம், ஆல்வின் இறந்துவிட்டான் என்றான்.

"எந்தப் படத்தில்?" என்று கேட்டாள் ஷர்மிளா.

அந்தப் பக்கம் அவன் அழுவது கேட்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவளைக் குறை சொல்ல முடியாது. ஆல்வின் சாவது அந்த வீட்டுக்குப் பழகிப்போன சமாச்சாரம். தோல் கம்பெனிக்கு வரும் வெள்ளைக்காரர்களைச் சுற்றிக்காட்டும் வேலையில் இருந்தவன், அவர்களைப் போலவே பேசி, நடந்து காட்டி எல்லோரையும் சிரிக்கவைப்பான். அந்த ஒரு திறமையை நம்பி, படிக்கப் போகிறேன் என்று அமெரிக்கா போனான். போன கையோடு படிப்பை விட்டான். ஹோட்டலில் தட்டுக் கழுவிக்கொண்டே வருஷக்கணக்கில் ஹாலிவுட்டில் நடையாய் நடந்து, ஒருவழியாக வேஷமும் வாங்கிவிட்டான். ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்கு நம் நிறத்தில் ஒருத்தன் கிடைத்தால் போதும், இவனை எப்படிக் கொல்லலாம் என்றுதான் யோசனை ஓடும் போலிருக்கிறது. டாக்சி ஓட்டினால் சுட்டார்கள். பெட்டிக்கடை வைத்தால் கடையோடு கொளுத்தினார்கள். ஒரு படத்தில் டாக்டராகக்கூட வந்தான். அதிலும் கதாநாயகனைப் பிழைக்கவைத்துவிட்டு இவன் போய்ச் சேர்ந்தான். இடைவேளைக்கு மேல் அவன் உயிரோடு இருந்ததே கிடையாது.

முதல் படத்தை வேலூரில் பார்த்தபோது அம்மா மரியம்மாள் தியேட்டரிலேயே மார்பில் அடித்துக்கொண்டு மயங்கி விழுந்தாள். அன்றைக்கு ஆல்வின் போனில் ஓர் ஏற்பாடு செய்தான்.

"மா, இனிமே நான் படத்துல செத்தா முன்னாடியே அக்காகிட்ட சொல்லிடுறேன். நீ அழுவாத. பிரியாணி பண்ணு. தம் உடைக்கிறதுக்குள்ள நானே போன் பண்றேன். என் கொரலக் கேட்டுட்டு மூடியத் தொற."

அப்படியே ஆகிவிட்டது. ஷர்மிளா வந்து 'செத்துட்டாம்மா' என்பாள். அம்மா சிரித்துக்கொண்டே சீரகச் சம்பாவை ஊறவைப்பாள். தெருவே பாத்திரத்தோடு வந்து வாசலில் நிற்கும். போன் வரும். "செத்துட்டேம்மா, தொற!" என்று அவன் கத்துவது எல்லோருக்கும் கேட்கும். ஆல்வின் செத்த பிரியாணி என்றே தெருவில் அதற்குப் பேர் விழுந்துவிட்டது.

போன மாதம்தான் அவன் கூப்பிட்டு, "மா, இந்தப் படத்துல நான் சாவல! கடைசி சீன் வரைக்கும் இருக்கேன்!" என்று சந்தோஷத்தில் குரல் உடைந்து பேசினான். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா சர்ச்சில் எழுந்து நின்று, கர்த்தருக்கு நன்றி சொல்லிச் சாட்சி சொன்னாள்.

ஷர்மிளா வீட்டுக்குத் திரும்பியபோது அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஆல்வின் செத்துட்டாம்மா."

அம்மா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "இதுல சாவ மாட்டேன்னுதானே சொன்னான்? கதைய மாத்திட்டானுங்களா?"

"அது இல்லம்மா..." ஷர்மிளா அழ ஆரம்பித்தாள்.

"நீ இன்னாடி, மொத தடவ மாதிரி அழுவுற? பாவம், புள்ள எவ்ளோ ஆசையா சொன்னான். போ, போய்க் கறி வாங்கினு வா. கம்மியா வாங்காத."

இன்னொரு தடவை சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. சொல்லாத வரைக்கும் அம்மாவுக்கு அவன் இருக்கிறான். இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். கோழை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் நடந்தாள்.

தெருமுனைக் கறிக்கடையில் மஹபூப் பாஷா அவளைப் பார்த்ததும் கத்தியைத் தீட்டினார். "இன்னாம்மா, தம்பிய மறுபடியும் போட்டுத் தள்ளிட்டானுங்களா?"

"ஆமா பாய்," என்றாள். கடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாஷா அவள் முகத்தையே பார்த்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது. "யா அல்லா," என்றார். கறியை வெட்டிப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டுக் கடையைச் சாத்தி, தெருவில் வீடு வீடாகச் சொல்லப் போனார்.

காய்ந்த மிளகாய் விழுதின் காரம் வீடெல்லாம் ஏறியது. கண் எரிகிற சாக்கில் ஷர்மிளா அழுது தீர்த்தாள். அரிசி வெந்ததும் அம்மா மூடி போட்டு, மேலே நெருப்புக் கங்குகளைப் பரப்பித் தம் போட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

தெரு வந்தது. ஆனால் ஒருத்தர் கையிலும் பாத்திரம் இல்லை. பாஷா தலையில் தொப்பியோடு ஓரமாக நின்றார். எதிர்வீட்டுத் தாயாரம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி இது, வெறுங்கைய வீசினு வந்துகிறாங்க?" என்றாள் அம்மா. "இரு இரு, இப்பப் பேசுவான். அங்க சிக்னல் இருக்காது."

போன் அடிக்கவில்லை. அடிபிடித்த வாசனை வரத் தொடங்கியது. அம்மா அசையவில்லை.

தானே சொல்லியாக வேண்டும் என்று ஷர்மிளாவுக்குத் தெரிந்துவிட்டது. வாயால் சொன்னால் அம்மா மறுபடியும் சிரிப்பாள். எழுந்து போய்க் கங்குகளை அடுப்பில் தள்ளிவிட்டு மூடியைத் தூக்கினாள். ஆவி இருவருக்கும் நடுவே எழுந்தது.

"ஏண்டி தொறந்த? அவன் இன்னும் பேசலயே."

"இனிமே பேச மாட்டாம்மா."

அம்மா அவளைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள், வெறுங்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அழவில்லை. மகள் கையிலிருந்த மூடியை வாங்கிப் பானையை மறுபடி மூடினாள். பிறகு அடுப்பிலிருந்த கங்குகளை வெறும் கையால் எடுத்து மூடிமேல் வைக்க ஆரம்பித்தாள்.